பிடிக்க இடம் விட்டுத் தைத்த சட்டை

நம் வயதுக்காரர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் புத்திமதி கடைசியில் ஒன்றுதான்: விழுந்துவிடாதீர்கள். சர்க்கரைக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, நாம் எழுந்திருக்கும்போது "பாத்ரூம்ல பாத்துப் போங்க" என்று ஒரு சொல். ஐம்பதைத் தாண்டிய நாம் எல்லோருமே இப்போது தரையைப் பார்த்துத்தான் நடக்கிறோம். நம்மில் ஒருத்தி போன மாதம் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு படுத்துவிட்டாள். பார்க்கப் போன இடத்தில், சின்ன வயதில் எனக்கு விழுவதற்கென்றே வகுப்பு நடந்தது என்று சொன்னேன். அந்த வலியிலும் சிரித்தாள். "விழறதுக்கு எதுக்கு வாத்தியார்?" என்றாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் படியுங்கள், உங்கள் இடுப்பும் ஒன்றும் இரும்பில் செய்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். தாராவியில் எங்கள் வீடு கீழே பட்டறை, மேலே குடித்தனம், நடுவில் ஓர் இரும்பு ஏணி. கீழே வாப்பா பள்ளிக்கூடப் பைகளும் பயணப் பைகளும் தைத்தார். மேலே சமையல், படுக்கை, பாடம், சண்டை எல்லாம். வாப்பாவும் உம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். நானும் காக்காவும் பம்பாயில் பிறந்தவர்கள். அண்ணனை எங்கள் வீடுகளில் காக்கா என்போம், பறவையைத் தேடாதீர்கள். மழை பிடித்துவிட்டால் சந்து முழுக்க ஈரத் தோல் வாடை அடிக்கும். எங்கள் பட்டறையில் அதோடு ரெக்ஸின் வாடையும் மெஷின் எண்ணெய் வாடையும் சேரும். அந்த மூன்றும் கலந்த வாடையை இன்றைக்கு யாராவது ஒரு சீசாவில் அடைத்துக் கொடுத்தால் அத்தருக்குப் பதிலாகப் பூசிக்கொள்வேன்.

காக்கா அப்போது ஒல்லிப் பையன். பள்ளிக்கூடக் குழாயடியில் அவன் முறை வந்ததும் யாராவது தள்ளிவிட்டுவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள். அவன் சேற்றில் விழுந்து, எழுந்து, தாகத்தோடு வீட்டுக்கு வருவான். தடுக்கி விழுந்ததாகச் சொல்லுவான். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற கதைதான், மீசை மட்டும் இன்னும் முளைக்கவில்லை. வாப்பா அவன் சட்டையின் முதுகில் இருக்கும் சேற்றைப் பார்ப்பார், தையலில் குனிந்துகொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்து பி.டி. சார், மாலையில் ஹாலில் ஜூடோ சொல்லித்தரப் போவதாக அறிவித்தார். வாப்பா அன்றைக்கே காக்காவைச் சேரச் சொல்லிவிட்டார். தனியாகப் போகக் காக்காவுக்குப் பயம். பெண் பிள்ளைகளும் வரலாம் என்று சார் சொல்லியிருந்ததால் துணைக்கு என்னை அனுப்பினார்கள். தங்கைக்கு அண்ணன் துணை போவது உலக வழக்கம். எங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ்.

ஹாலில் தேங்காய் நார் மெத்தைகளை நெருக்கிப் போட்டு, மேலே கித்தான் விரித்து இழுத்துக் கட்டியிருந்தார்கள். மழையில் அந்த நார் ஊறி ஒரு புளித்த வாடை வரும். மேலே கூரையில் தகரம் தடதடவென்று அடிக்கும். சார் கத்துவது பாதி கேட்காது. நாங்கள் யாரையாவது தூக்கி எறியலாம் என்று கையைத் தேய்த்துக்கொண்டு போயிருந்தோம். சாரோ வாரக்கணக்கில் விழ மட்டுமே வைத்தார். தாடையை நெஞ்சோடு ஒட்ட வை, கண் உன் பெல்ட் முடிச்சைப் பார்க்கட்டும், முதுகு தரையைத் தொடும்போது இரண்டு கையாலும் மெத்தையை ஓங்கி அடி. கை வாங்கிக்கொண்ட அடியைத் தலை வாங்க வேண்டாம் பார், அதுதான் கணக்கு. பின்னால் விழுவது, பக்கவாட்டில் விழுவது, உருண்டு எழுவது என்று ஒவ்வொன்றாக.

உம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "நடக்கப் படிக்கவே ஒனக்கு ஒண்ணரை வருசம் ஆச்சு. இப்ப விழப் படிக்கப் போறியாக்கும்" என்று காக்காவைக் கேட்டாள். பட்டறையில் பைகளுக்கு உள்ளே வைக்கும் ஃபோம் தகடுகளை அடுக்கிவைத்து நாங்கள் விழுந்துகொண்டே இருப்போம். மேலே பாத்திரங்கள் அதிரும்.

ஆச்சரியம் என்னவென்றால், காக்கா விழுவதில் கெட்டிக்காரனாக இருந்தான். குழாயடியில் பழகியவன்தானே என்று நான் கேலி செய்வேன். ஆனால் அது வேறு விழுகை. பயந்து விறைத்துக்கொண்டு விழுந்தவன் இப்போது உடம்பைத் தளர்த்தி, தரையோடு ஒரு பேச்சுவார்த்தை முடித்துவிட்டவன் போல விழுந்தான்.

பிறகுதான் சார் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கை எதிராளியின் கழுத்துப் பட்டையில், மறு கை அவன் முழங்கைக்குக் கீழே சட்டைக் கையில். பிடித்து இழுத்தால் அவன் பாரம் ஒரு காலுக்குப் போகும். பாரம் நகராமல் யாரையும் தூக்க முடியாது. அதற்குப் பிறகு இரண்டு வீச்சுகள். ஒன்று ஓ-கோஷி: திரும்பி நுழைந்து, முட்டியை மடக்கி, உன் இடுப்பை அவன் இடுப்புக்குக் கீழே கொடுத்து, நிமிர்ந்து சுழற்றுவது. சாக்கு மூட்டையை முதுகில் ஏற்றி அந்தப் பக்கம் இறக்குவது மாதிரிதான். இன்னொன்று ஓ-சோட்டோ-காரி: அவனைப் பின்னால் சாய்த்து, பாரம் தாங்கி நிற்கும் காலை வெளிப்பக்கமாக வாரிவிடுவது. அதன் பெயர் எங்கள் வாயில் 'சோட்டா காடி', இந்தியில் சின்ன வண்டி, ஆகிவிட்டது.

இரண்டுக்கும் பொதுவாக சார் ஒரு விதி வைத்திருந்தார். எறிகிறவன் சட்டைக் கையை விடக்கூடாது. எதிராளி தரைக்குப் போகும்போது அந்தக் கையை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் தலை அடிபடாது. எறிந்துவிட்டுக் கையை விட்டவனை சார் ஹாலைச் சுற்றி ஓடவிடுவார். காக்காவுக்கு இந்த விதி ரொம்பப் பிடித்துப்போனது. தள்ளிவிட்டுப் போகிறவர்களைத்தான் அதுவரை அவன் பார்த்திருந்தான்.

மழை குறையத் தொடங்கியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் பள்ளிக்கூடங்களுக்கிடையே போட்டி என்று சார் சொன்னார். எங்களில் சிலரைத் தேர்ந்தெடுத்தார், அதில் காக்காவும் ஒருவன். ஹாலில் இருந்த பொதுச் சட்டைகள் நைந்து கிழிந்தவை, போட்டிக்கு அவரவர் சட்டை கொண்டுவர வேண்டும் என்றார். காக்கா வீட்டுக்கு வந்து, தையலில் இருந்த வாப்பாவின் பக்கத்தில் வெகுநேரம் நின்றான்.

"வாப்பா, நீங்க வருவியளா பாக்க?"

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாப்பா அதுவரை எதற்கும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பட்டறைக்குச் சரக்கு அனுப்பும் நாள். வாப்பா மெஷினை நிறுத்தினார். "வாறேன்ல. சட்டையும் நானே தச்சுத் தாறேன்" என்றார்.

அன்றைக்கிலிருந்து காக்கா தரையில் நடக்கவில்லை. ஓ-கோஷியை வாப்பா பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. ஜெயிப்பது தோற்பது கூட இரண்டாவதுதான். தன்னைத் தள்ளிவிட்டதால் ஒட்டிய சேற்றை மட்டுமே பார்த்த வாப்பா, தான் ஒருவனைத் தூக்குவதையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

இங்கே வாப்பாவின் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நிக்காஹ் முடிந்த கையோடு பம்பாய்க்கு வேலை தேடி வந்தவர், முதல் வாரமே ரயில் நிலையத்துக்கு வெளியே இரண்டு முரடர்களிடம் மாட்டிக்கொண்டார். ஒருவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டானாம். வாப்பா ஓர் உலுக்கு உலுக்கி ஓடிவந்துவிட்டார். சட்டையின் கை அவனிடமே தங்கிவிட்டது. சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். "புடிக்க எடம் குடுக்கப்பிடாதுல. குடுத்தா முடிஞ்சுது" என்பார். "அது எங்க வாப்பா மாப்பிள்ளைக்குன்னு எடுத்துக் குடுத்த சட்ட" என்று உம்மா ஒவ்வொரு முறையும் முறைப்பாள்.

இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும், அந்த மனிதர் மகனுக்கு எப்படிச் சட்டை தைத்திருப்பார் என்று. கெட்டியான வெள்ளைக் காடாத் துணி வாங்கிவந்தார். பைகளின் வாருக்குப் போடும் இரட்டைத் தையல் போட்டார். கழுத்துப் பட்டைக்குள் கித்தானை மடித்து வைத்து, விரல் வளைத்துப் பிடிக்க முடியாதபடி விறைப்பாக்கினார். சட்டைக் கையைக் காக்காவின் கையோடு ஒட்ட, மணிக்கட்டுவரை இறுக்கித் தைத்தார். போட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கையை இங்கேயும் அங்கேயும் கிள்ளிப் பிடிக்கப் பார்த்தார். பிடி கிடைக்கவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"எவனாலயும் ஒன்னயத் தொட முடியாதுல" என்றார்.

காக்கா என்னைப் பார்த்தான். எனக்கும் தெரிந்துவிட்டது, பிடிக்க முடியாத சட்டையைப் போட்டுக்கொண்டு ஜூடோவுக்குள் போக முடியாது. பொதுச் சட்டைகளே சாக்குப் பை மாதிரி தொளதொளவென்றுதான் இருக்கும். காக்கா வாப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"நல்லா இருக்கு வாப்பா" என்றான்.

மறுநாள் வாப்பா சரக்கு வாங்கப் போயிருந்த நேரம், அந்தச் சட்டையோடு ஃபோம் மேல் பழகிப் பார்த்தோம். நான் காக்காவை ஓ-கோஷியில் ஏற்றினேன். நான் சின்னவள்தான், ஆனால் பாரம் சரியாக நகர்ந்துவிட்டால் யாரும் யாரையும் ஏற்றலாம். பாதி வழியில் சட்டைக் கையிலிருந்து என் விரல்கள் வழுக்கிவிட்டன. மேலே இழுத்துப் பிடிக்க என்னிடம் ஒன்றுமில்லை. அவன் ஃபோமுக்கு வெளியே சரிந்து, தலை மெஷினின் இரும்புக் காலில் 'ணங்'கென்று பட்டது. காதுக்குப் பின்னால் வீங்கிவிட்டது. நான் அழுதேன். அவன் அழவில்லை.

"வாப்பாட்ட சொல்லிரலாம் காக்கா. பிரிச்சுத் தச்சுத் தந்துருவாவ."

"வேண்டாம்ளா. எம்புட்டு ஆசையாத் தச்சாவ" என்றான். "அங்க யாரும் கவனிக்கமாட்டாவ." தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். அந்த வாரம் முழுக்க அவன் தொப்பியைக் கழற்றவே இல்லை. பிள்ளைக்குத் தீன் மேல், மார்க்கத்தின் மேல், பற்று வந்துவிட்டது என்று உம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் சயானிலிருந்து பஸ் பிடித்து மாட்டுங்காவுக்குப் போனோம். வாப்பா பெருநாள் சட்டை போட்டிருந்தார். தோளில் புதுக் கட்டம் போட்ட துண்டு. ஹாலில் ஒரே பிள்ளைகள் கூட்டம். சுவரோரமாக உட்கார்ந்திருந்த தாய் தகப்பன்களோடு வாப்பாவும் போய் உட்கார்ந்தார்.

காக்காவின் பெயரைக் கூப்பிட்டதும் நடுவர் அவன் கையை நீட்டச் சொல்லி, சட்டைக் கைக்குள் தன் விரல்களை விட்டுப் பார்த்தார். விரல்கள் நுழையவில்லை. கழுத்துப் பட்டையை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை.

"ஆஸ்தீன் பஹுத் டைட் ஹை. யே நஹீ சலேகா" என்றார். கை ரொம்ப இறுக்கம், இது செல்லாது.

பி.டி. சார் ஓடிவந்து, வேறொரு பையனின் சட்டையை நீட்டினார். காக்கா அதை வாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நான் வெளயாடல சார்" என்றான். வாப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போது வாப்பா தைத்த சட்டையைக் கழற்ற அவனால் முடியவில்லை. அதைவிடத் தன் ஆசையை விட்டுவிடுவதே அவனுக்கு லேசாக இருந்திருக்கிறது.

இத்தனை வருடம் பம்பாயில் இருந்தவருக்கு அந்த இந்தி புரியாதா? வாப்பா எழுந்து வந்தார். என்ன வேண்டும் என்று நடுவரையே கேட்டார். பிடிக்க இடம் வேண்டும் என்று அவர் சட்டைக் கையைக் காட்டிச் சொன்னார். வாப்பா மகனின் குனிந்த தலையைப் பார்த்தார். "மத்தப் பிள்ளைய ஆட்டம் ரெண்டு முதல்ல போவட்டும் சாப்" என்றார் நடுவரிடம்.

வாப்பாவின் காலருக்கு உள்பக்கம் எப்போதும் நூல் சுற்றிய ஊசி ஒன்று குத்தியிருக்கும். பையில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி. சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு மெத்தை ஓரமாகத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தான் போட்ட இரட்டைத் தையலைத் தானே பிரித்தார். பட்டைக்குள் இருந்த கித்தானை உருவி எறிந்தார். பிரித்த சட்டைக் கைகளுக்கு நடுவே வைத்துத் தைக்கத் துணி இல்லை. தோளில் இருந்த புதுத் துண்டை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தார். வெள்ளைச் சட்டையின் இரண்டு கைகளிலும் கட்டம் போட்ட பட்டை ஒன்று ஏறியது. அவர் கை வேகம் அப்படி.

"புடிச்சு எறியதுக்கு நானே எடம் வச்சுத் தச்சுக் குடுக்கணுமாம்" என்று ஊசியைப் பார்த்தபடியே முணுமுணுத்தார். பல்லால் நூலைக் கடித்துவிட்டு, சட்டையைக் காக்காவுக்கு மாட்டிவிட்டார்.

எதிராளி செம்பூர்ப் பள்ளிக்கூடத்துப் பையன். காக்காவைப் போல ஒன்றரை மடங்கு. ஆனாலும் முதலில் நுழைந்தது காக்காதான். திரும்பினான், முட்டியை மடக்கினான், நிமிர்ந்தான். செம்பூர்ப் பையனின் இரண்டு காலும் மெத்தையை விட்டு எழும்பின. அவனைச் சரியாகச் சுழற்ற முடியவில்லை, பக்கவாட்டில்தான் இறக்க முடிந்தது. முதுகுபட விழவைத்தால்தான் முழுப் புள்ளி, அதோடு ஆட்டமும் முடியும்; அது கிடைக்கவில்லை. நான் ஆட்டத்தைப் பார்க்காமல் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடி எழுந்து நின்றுகொண்டிருந்தார். பார்த்துவிட்டார். அது போதும் எனக்கு.

அடுத்த பிடியில் செம்பூர்ப் பையன் காக்காவைப் பின்னால் சாய்த்துக் காலை வாரினான். சுத்தமான சோட்டா காடி. காக்கா முதுகுபட விழுந்தான். அவன் கை மெத்தையை அடித்த சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. ஆட்டம் முடிந்தது. செம்பூர்ப் பையன் மட்டும் கட்டம் போட்ட சட்டைக் கையை விடவில்லை, மேலே இழுத்துப் பிடித்தபடியே நின்றான். காக்காவின் தலை மெத்தையில் படவே இல்லை.

வாப்பா அதற்குள் மெத்தைக்குள் செருப்போடு ஓடிவிட்டார். நடுவர் கத்தினார். வாப்பா காக்காவின் தலையை இரண்டு கையாலும் தடவினார். காதுக்குப் பின்னால் அவர் விரல் நின்றது.

"இங்க பட்டிருக்கு, பாருங்க வீங்கிருக்கு" என்றார் நடுவரிடம்.

"அது இப்பப் பட்டதில்ல வாப்பா" என்றான் காக்கா.

"பெறவு எப்பம்?"

நான்தான் சொன்னேன். "நம்ம பட்டறையில வாப்பா. நாந்தான் தூக்கினேன். சட்டையில புடிக்க எடம் இல்ல, என் கை வழுக்கிட்டு. புடிச்சு மேல இழுத்தாத்தான் தலையில படாது. அந்தப் பையன் செஞ்சான்லா, அப்படி."

வாப்பா செம்பூர்ப் பையனைப் பார்த்தார். அவன் இன்னும் அந்தச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் விழித்தான். வாப்பா அவன் கன்னத்தைத் தொட்டு, தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டார். மகனைத் தோற்கடித்தவனுக்கு அப்படிச் செய்த வேறு தகப்பனை நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் வாப்பா பெருநாள் சட்டையைக் கூட மாற்றாமல் பட்டறையில் ஃபோம் தகடுகளை அவரே அடுக்கினார். மெஷினை ஓரமாகத் தள்ளினார்.

"ஏல, என்னய ஒரு தடவ தூக்கிப் போடு" என்றார்.

காக்கா மாட்டேன் என்றான். வாப்பா விடவில்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டவைக்க நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். காக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்துத் திரும்பி, இடுப்பைக் கொடுத்தான். எங்கள் வாப்பா, அவ்வளவு பெரிய மனிதர், மகன் முதுகுமேல் ஏறி, மெதுவாகச் சுற்றி வந்து ஃபோமில் இறங்கினார். காக்கா சட்டைக் கையை விடவே இல்லை.

"கீழ என்ன விழுந்துச்சு?" என்று மேலேயிருந்து உம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, நாந்தான்" என்றார் வாப்பா, படுத்தபடியே. கண் கலங்கியிருந்தது. சிரித்ததாலா வேறெதனாலோ, அந்த வயதில் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று தான் இறுக்கித் தைத்ததுதான் அவன் தலையை உடைத்தது என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. நாமும் நம் பிள்ளைகளுக்கு எத்தனை சட்டையை அப்படித் தைத்திருக்கிறோமோ.

கட்டம் போட்ட கை வைத்த அந்தச் சட்டை வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது. தேடாத இடமில்லை. காக்கா பெரிய வீரனெல்லாம் ஆகவில்லை, பத்தாம் வகுப்போடு ஜூடோவும் நின்றது. குழாயடியில் மட்டும் அதற்குப் பிறகு அவன் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வந்தான்.

கடைசி வருடங்களில் வாப்பா நவி மும்பை சான்பாடாவில் காக்காவோடு இருந்தார். கண் மங்கும்வரை தன் சட்டையைத் தானே தைத்துக்கொண்டார். எல்லாச் சட்டைக்கும் கை அகலம்தான், உள்ளே இரட்டைத் தையல். ஒல்லியான கிழவருக்கு இவ்வளவு தொளதொளவென்று எதற்கு என்று மருமகள் கேட்பாள். படியிறங்கும்போது வாப்பா மற்ற கிழவர்களைப் போல உள்ளங்கையை நீட்டமாட்டார், முழங்கையை நீட்டுவார். காக்கா அந்த அகலக் கையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்வான்.

ஒரு மழை நாளில் நானும் கூட இருந்தேன். கடைசிப் படியில் வாப்பாவின் கால் வழுக்கிவிட்டது. யானைக்கே அடி சறுக்கும்போது வாப்பா எம்மாத்திரம். காக்கா ஒன்றும் யோசிக்கவில்லை, சட்டைக் கையை மேலே இழுத்தான். வாப்பா தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, சாவகாசமாக, ஈரத் தரையில் போய் உட்கார்ந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பதறிப்போய் ஓடினேன். அவரோ, மகன் கைக்குள் கசங்கிக்கிடந்த தன் சட்டைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தையல் விடல, பாத்தியால" என்றார்.